தட்டிலே ஒரு சிறு வயல்

அம்பாறைக் கரையோரத்து ஊர்களிலே வேளாண்மை என்னும் சொல் நெற்பயிரையன்றி வேறெதனையும் குறிப்பதில்லை. சம்மாந்துறை வட்டைகளிலும் நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களிலும் சேற்று விதைப்பு நடைபெறும் நாட்களில், விதைநெல் மூட்டைகள் ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் ஊறிக் கிடப்பதை நேயர்கள் கண்டிருப்பர். பின்னர் நீரை வடித்து, சாக்கினால் மூடிப் பாரமேற்றி வைப்பர். மறுநாளோ அதற்கு மறுநாளோ மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கும் வேளாண்மைக்காரர், அதன் வெதுவெதுப்பைக் கொண்டே முளையின் பக்குவத்தைச் சொல்லிவிடுவார். முளை நீண்டுவிட்டால் வீசும்போது முறிந்துபோகும். குறைந்துவிட்டால் பறவைக்கும் வெள்ளத்துக்கும் இரையாகும். இந்த நுட்பத்தை அவர் எந்த நூலிலும் படித்தவரல்லர். தந்தையின் கையைப் பார்த்துப் பழகியவர்.

இதனை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணமுண்டு. அண்மைக் காலமாகக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களிற் சில வீடுகளின் சன்னலோரங்களில், அகலமான தட்டுகளிலே ஒரு பசும்புல் வளர்வதைக் காண்கிறோம். கேட்டால் ‘கோதுமைப் புல்’ என்கின்றனர். இலங்கையிலே கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் மணியை ஆலையில் அரைத்து மாவாகவும் பாணாகவும் மட்டுமே அறிந்த எமது மக்கள், அதன் பயிரை இப்பொழுதுதான் முதன்முறையாகக் கண்ணாற் காண்கின்றனர். கூடவே முளைப்பயறு, வெந்தயக் கீரை, கடுகு முளை என்பனவும் வந்து சேர்ந்துள்ளன. இவற்றை வளர்க்கும் முறையை எழுதுமாறு சில சகோதரிகள் கேட்டிருந்தனர். எழுதுவதில் எமக்குப் பெருமகிழ்ச்சியே. ஆயினும், முறையோடு சேர்த்து ஓர் எச்சரிக்கையையும் எழுத வேண்டியவர்களாயிருக்கின்றோம்.

இவ்வாசை வீண் ஆசையன்று. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் இவ்வூர்களில் வீட்டோடு வீடு முட்டி நிற்கிறது. முன்னர் வேலியில் முருங்கை நின்றது, அகத்தி நின்றது. கிணற்றடியில் வல்லாரை படர்ந்தது. வேலி மதிலாயிற்று; கிணற்றடிக்குச் சீமெந்து பூசப்பட்டது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையாகும். உயிரோடு எஞ்சியோரின் கரையோரக் கிணறுகளும் தோட்டங்களும் உவர்த்துப்போயின. பின்னர் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சந்தைக்குப் போய்க் காய்கறியின் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பியவர் எத்தனை பேர்! ஓரடி நீளத் தட்டிலே, ஒரு கைப்பிடி தானியத்தில், பத்து நாளிற் பச்சையாக ஏதேனும் கிடைக்குமென்றால் அதை நாடுவது இயல்பே.

நாமும் நாடினோம். முதல் தட்டு பூஞ்சணம் பிடித்து நாறிற்று. இரண்டாந் தட்டு சாணுயரம் செழித்து வளர்ந்தது. நல்ல வெளிச்சம் படட்டுமென்று மதிலின்மேல் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்த் திரும்பியபோது, தெருவிலே அலையும் ஆட்டுக்குட்டியொன்று எட்டித் தின்று வேரைமட்டும் மிச்சம் வைத்திருந்தது. அந்த ஆட்டுக்கு என்ன நோய் இருந்ததோ, எது தீர்ந்ததோ, நாமறியோம். மூன்றாந் தட்டுத்தான் சரியாக வந்தது. அந்த மூன்றாந் தட்டை, அதன் மகிமையை விதந்து கூறும் ஒரு துண்டுத்தாளோடு, அடுத்த வீட்டு ராத்தாவுக்குக் கொடுத்தோம்.

ராத்தாவுக்கு அறுபதை நெருங்கிய வயது; பல்லாண்டுச் சலரோகம். எம்மீது அவருக்கு மிகுந்த மதிப்பு. படித்தவர் கொடுத்தது பழுதாகாது என்று நம்புகின்ற தலைமுறையைச் சேர்ந்தவர். நாள்தோறும் புல்லை அரைத்துச் சாறு பிழிந்து குடித்தார். தாமே மேலும் இரண்டு தட்டுகள் போட்டார். மூன்று வாரம் கழித்து ஒருநாள் மாலை, மதிலுக்கு அப்பால் நின்று, மிக மகிழ்ச்சியோடு, “சேர், புல்லுச்சாறு குடிக்கன் தானே, இனி என்னத்துக்குக் குளிசை?” என்றார். குளிசையை நிறுத்தி அப்பொழுதே பத்து நாளுக்கு மேலாகியிருந்தது.

நாம் திடுக்குற்றோம். அன்றிரவே அவருடைய மகனிடம் சொல்லி, காலையிலே வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்தோம். இரத்தத்திலே சீனி மிக ஏறியிருந்தது. அதனிலும் கெடுதி யாதெனின், செருப்பு உராய்ந்து காலிற் பட்டிருந்த ஒரு சிறு புண் அதற்குள்ளே ஆழமாய்ப் பழுத்திருந்தது. உணர்ச்சி மங்கிய காலாதலால் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. ராத்தா எம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. “அல்லாஹ்வின் நாட்டம்” என்றார். அவர் குறை கூறாதது எமக்கு ஆறுதலாயிருக்கவில்லை. அந்தத் துண்டுத்தாளைக் கொடுக்குமுன் அதிலுள்ளது மெய்யா பொய்யாவென்று தேடிப் பார்க்கும் வசதியும் கல்வியும் எமக்கிருந்தன, பார்க்கவில்லை. பின்னர்தான் பார்த்தோம். பார்த்ததை இங்கே எழுதுகின்றோம்.

கோதுமைப் புல்லின் புகழ் அமெரிக்காவிலே பிறந்தது. 1930களிலே கன்சாஸ் நகரத்தில் சாள்ஸ் ஸ்னாபல் என்னும் விவசாய இரசாயனவியலாளர், இளந் தானியப் புல்லை உலர்த்திக் கோழிகளுக்கு ஊட்டினார். முட்டை பெருகக் கண்டு, அப்பொடியை மனிதருக்கும் ஏற்றதென்று பரப்பினார். அவருக்குப் பின் வந்தவர் ஆன் விக்மோர் என்னும் பெண்மணி. 1909இல் லிதுவேனியாவிலே பிறந்து, பொஸ்டன் நகரிற் குடியேறியவர். பச்சைச் சாறும் முளைத் தானியமுமே நோய்க்கெல்லாம் மருந்தென்று பல நூல்கள் எழுதினார். விவிலியத்திலே நெபுகாத்நேச்சார் மன்னன் புல்லை மேய்ந்து பின்னர் புத்தி தெளிந்த கதை இவருக்கு ஒரு தூண்டுதலாக இருந்தது. சலரோகிகளுக்கு இன்சுலின் தேவையைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம் என்று இவர் கூறியதற்காக, 1982இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார். அந்தக் கூற்றை அம்மையார் கைவிட நேர்ந்தது. எமது துண்டுத்தாளில் இருந்தது ஏறக்குறைய அதே கூற்று! அங்கே நீதிமன்றத்திலே தோற்ற ஒரு வாக்கியம் கடல் கடந்து, மொழி மாறி, கல்முனையிலே மதில் தாண்டிப் போயிருக்கிறது. கொடுத்த கை எம்முடையது.

‘பச்சை இரத்தம்’ என்னும் சொல்லையும் நேயர்கள் கேட்டிருக்கக்கூடும். இலையின் பச்சையமும் இரத்தத்தின் செந்நிறப் பொருளும் அமைப்பிலே ஒத்தவை என்பதும், ஒன்றின் நடுவிலே மக்னீசியமும் மற்றதன் நடுவிலே இரும்பும் இருக்கின்றன என்பதும் மெய்யே. ஆனால், உண்ட பச்சையத்தை எமது உடல் மக்னீசியத்தை நீக்கி இரும்பை வைத்து இரத்தமாக்கிக் கொள்வதில்லை. அவ்வாறு நடக்குமாயின் புல் மேயும் மாட்டுக்கு இரத்தசோகையே வரலாகாது. 2004இல் சண்டிகரிலே தலசீமியா நோயுற்ற ஒரு சிறு தொகையினருக்குப் புற்சாறு கொடுத்துப் பார்த்த வைத்தியர்கள், அவர்களிற் பாதிப்பேருக்கு இரத்தம் ஏற்றும் தேவை குறைந்ததாக எழுதினர். பிற்பாடு நடந்த ஆய்வு அப்பயனை உறுதிசெய்யவில்லை. ஓர் அவுன்ஸ் சாறு இரண்டு இறாத்தல் காய்கறிக்கு ஈடென்பதும் கட்டுக்கதையே. அது மற்றெந்தக் கீரையையும் போன்றதொரு கீரையின் சாறு. எமது அறுகம்புற் சாற்றுக்கும் இவ்வார்த்தை பொருந்தும். நல்ல பொருள்தான், ஆனால் குளிசையின் இடத்திலே வைக்கத் தக்கதன்று. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்போரும் சிறுநீரக நோயாளரும் இத்தகைய சாறுகளைக் குடிக்குமுன் தம் வைத்தியரைக் கேட்டேயாக வேண்டும்.

புல்லின் கதை இதுவாக, முளைத்த பயற்றின் கதையோ மெய்யான பெருமையுடையது. அதுவும் எமது பக்கத்து மக்களோடு தொடர்புடையது. முதலாம் உலகப் போரிலே, 1915 டிசெம்பர் தொடக்கம் 1916 ஏப்ரல் வரை, இன்றைய ஈராக்கிலுள்ள குத் நகரத்தில் ஆங்கிலேயப் படையும் இந்தியப் படையும் துருக்கியரால் முற்றுகையிடப்பட்டிருந்தன. ஆங்கிலச் சிப்பாய்கள் தீட்டிய வெள்ளை மாவின் ரொட்டியை உண்டு, குதிரை இறைச்சியையும் உண்டனர். அவர்களைப் பெரிபெரி நோய் பற்றியது. இந்தியச் சிப்பாய்கள் தவிட்டோடு கூடிய ஆட்டா மாவை உண்டனர். குதிரை இறைச்சியை நெடுநாள் தொடவில்லை. அவர்களுக்குப் பெரிபெரி வரவில்லை. பல்லீறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வந்தது. ஒரே ஊர், ஒரே முற்றுகை. தட்டிலே இருந்தது வேறாதலால் நோயும் வேறாயிற்று. ‘விற்றமின்’ என்னும் சொல்லே பிறந்து நாலைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்த காலம் அது.

பச்சைக் காய்கறி கிட்டாத பாலைவனத்திலே படைவீரருக்கு எதைக் கொடுப்பது? இலண்டனில் லிஸ்டர் நிலையத்திலே பணியாற்றிய ஹரியற் சிக் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் கினிப்பன்றிகளைக் கொண்டு ஆராய்ந்து, உலர்ந்த பருப்பிலே காணப்படாத ஸ்கர்வி தடுக்கும் ஆற்றல், அதே பருப்பை ஊறவைத்து முளைக்கவிட்டால் இரண்டொரு நாளிலே தோன்றிவிடுகிறது என்று காட்டினர். மூட்டையாகக் கொண்டு போகலாம், பழுதாகாது, நீர் தெளித்தால் இரண்டு நாளிற் புதுக் காய்கறியாகிவிடும். சிப்பாய்க்கு ஏற்ற காய்கறி இதனினும் வேறுண்டா? அம்மையார் 1977இல், தமது 102ஆவது வயதிலே காலமானார். முளைப்பயறு உண்டதாலோ என்று எவரும் எம்மைக் கேட்கவேண்டா. ஒரு துண்டுத்தாள் போதும்.

முளைக்கும்போது விதைக்குள்ளே நடப்பது யாது? விதை, தாய்ச்செடி கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதி. நீர் பட்டவுடன் உறங்கிக் கிடந்த நொதியங்கள் விழித்து மாப்பொருளைச் சீனியாகவும் புரதத்தை எளிய கூறுகளாகவும் உடைக்கத் தொடங்குகின்றன. இரும்பையும் நாகத்தையும் எமது உடல் ஏற்கவொட்டாமற் பிடித்து வைத்திருக்கும் பைற்றிக் அமிலம் குறைகிறது. விற்றமின் சி புதிதாக உண்டாகிறது. நூறு கிராம் முளைப்பயற்றிலே ஏறக்குறைய 13 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதனோடு ஒப்பிட, பச்சை முருங்கையிலை நூறு கிராமில் 50 மில்லிகிராம் வரை உண்டு. ஆகவே, வேலியிலே இன்னும் ஒரு முருங்கை நிற்கும் பாக்கியம் பெற்றவர்கள் தட்டும் துணியும் தேடி அலைய வேண்டியதில்லை; கொப்பை முறித்தாற் போதும். அந்தப் பாக்கியம் இல்லாதோர் மேலே படிக்க.

முதலிற் பயறு. இதுவே எளிது, இதுவே அதிக பயன் தருவது. கடையிலே உணவுக்காக விற்கும் முழுப் பயற்றை வாங்க வேண்டும். விதைப்பதற்கென்று விற்கும் விதைகளில் நஞ்சு மருந்து பூசியிருப்பர். அவற்றைத் தொடவே கூடாது. பழைய சரக்கோ என்று ஐயமிருப்பின், எமது வேளாண்மைக்காரர் விதைநெல்லுக்குச் செய்யும் சோதனையையே செய்து பார்க்கலாம். நூறு மணியை எண்ணி ஈரத்துணியிலே முடிந்து வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் சரக்கின் தரம் தெரிந்துவிடும். எண்பத்தைந்துக்குக் குறைந்தால் அது கறிக்கே ஆகட்டும். எஞ்சிய மணிகள் முளையாமற் கிடந்து அழுகி, மற்றவற்றையும் கெடுக்கும்.

சொத்தை, உடைந்த மணி, கல் ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கி, மூன்று நான்கு முறை நீர் மாற்றிக் கழுவி, பயற்றைப்போல மூன்று மடங்கு நீரில் இரவு முழுவதும் ஊறவிடுக. நீர் நல்ல நீராக இருத்தல் மிக முக்கியம். கடலுக்கு அண்மையிலுள்ள சில கிணறுகளின் நீர் வறட்சி நாட்களிலே சற்று உவர்க்கும். எமது நாக்கு அதற்குப் பழகிவிட்டது, விதை பழகாது. உவர்நீரை விதையால் எளிதில் உறிஞ்ச முடியாது. முளை பிந்தும், குன்றும். கொதித்தாறிய நீரே சிறந்தது. காலையிலே நீரை முற்றாக வடித்து, வெந்நீரிலே அலசிப் பிழிந்த வெண்துணியில் தளர முடிந்து, காற்றோட்டமுள்ள நிழலிலே தொங்கவிடுக. இறுக முடிந்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். காலையும் மாலையும் முடிச்சை அவிழ்த்து, நல்ல நீரில் அலசி, மீண்டும் முடிக. எமது வெப்பத்திலே ஒரு பகலும் ஓர் இரவும் போதும். அரை அங்குல முளை வந்துவிடும். குளிர்நாட்டு நூல்களிலே மூன்று நாள், ஐந்து நாள் என்று எழுதியிருப்பதைக் கண்டு காத்திருப்போர் நாற்றத்தையே அறுவடை செய்வர். கௌப்பி, கொள்ளு, கடலை என்பவற்றுக்கும் இதுவே முறை. கடலைக்கு அரைநாள் கூடுதலாக வேண்டும்.

குரக்கனை இவ்வாறே முளைகட்டி, நன்கு உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினால், அதே அளவு சாதாரண மாவிலே காய்ச்சிய கஞ்சியைவிட அது இளக்கமாயிருக்கும். குழந்தையின் சிறு வயிற்றுக்குள் அதிக மாவு இறங்கும். மெலிந்த பிள்ளைகளுள்ள வீட்டார் இதனைக் குறித்துக் கொள்க.

இனிக் கோதுமைப் புல். முழுக் கோதுமை நாட்டு மருந்துக் கடைகளிலும் நவதானியம் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். ஓர் இரவு ஊறவைத்து, ஒரு நாள் துணியில் முடிந்து வெள்ளை வேர் நுனி காட்டியதும், அடியிலே துளையிட்ட தட்டில் ஓர் அங்குலக் கனத்துக்கு மண்ணோ தென்னந்தும்புத் தூளோ பரப்பி, அதன்மேல் மணிகளை ஒரே வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தூவுக. எமது முதல் தட்டு நாறியதற்குக் காரணம் இதுவே. பேராசைப்பட்டு இரு மடங்கு கொட்டினோம். இரண்டு நாள் ஈரத்துணியால் மூடி வைத்து, ஓரங்குல முளை எழுந்ததும் துணியை எடுத்துவிட்டு, வெளிச்சமுள்ள, ஆனால் உச்சி வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆடு எட்டாத இடமாகவும் இருக்கட்டும். காலையில் நீர் தெளித்தாற் போதும். மாலையில் தெளித்த ஈரம் இரவெல்லாம் தங்கிப் பூஞ்சணத்தை அழைக்கும். கோதுமை குளிரை விரும்பும் பயிராதலால், வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களிலே எமது கரையில் நன்றாக வரும். சித்திரை வெக்கையில் வேர் வெந்துபோகும். அப்பொழுது முயலாதிருத்தலே நன்று.

வேரைச் சுற்றி மெல்லிய வெண்பஞ்சு போலத் தோன்றினால் உடனே பயந்து எறிந்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் வேரின் மயிர். நீர் தெளித்தவுடன் படிந்து மறைந்துவிடும். பூஞ்சணமோ சிலந்தி வலைபோல மணியிலிருந்து மணிக்குப் படரும். நீர் பட்டாலும் மறையாது. முகர்ந்தால் காட்டிக் கொடுத்துவிடும். அவ்வாறாயின் அந்த மூலையை மட்டும் கிள்ளியெறியும் சிக்கனம் வேண்டாம். தட்டு முழுவதையும் கொட்டிவிட்டு, தட்டை வெந்நீரிற் கழுவி வெயிலிற் காயவைத்து, மறுபடி தொடங்குக.

எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஆறேழு அங்குலம் வளர்ந்து, தண்டிலிருந்து இரண்டாவது இலை பிரியத் தொடங்கும். அறுவடைக்கு அதுவே தருணம். அதற்குப் பின் நார் ஏறிக் கசக்கும். மண்ணுக்கு அரை அங்குலம் மேலே, கழுவிய கத்தரிக்கோலால் வெட்டுக. மறுபடியும் ஒருமுறை தழைக்கும். இரண்டாம் வெட்டு மெலிந்ததாகவே இருக்கும். மூன்றாம் வெட்டுக்கு ஆசைப்பட வேண்டாம், ஆட்டுக்குட்டிக்கும் பங்குண்டு. புல்லின் நார் எமது குடலிற் செரியாதாகையால் அப்படியே மெல்ல முடியாது. கழுவி, சிறிது நீர் சேர்த்து அரைத்து, துணியிற் பிழிந்து உடனே குடிப்பது வழக்கம். சுவை எவ்வாறிருக்கும் என்று கேட்டால், புல் வெட்டிய மைதானத்தின் மணத்தைக் குவளையில் ஊற்றியது போலிருக்கும் என்போம்.

வெந்தயமும் கடுகும் எமது வெப்பத்துக்கு ஏற்றவை. அதே தட்டிலே தூவினால் கடுகு ஒரு வாரத்திலும், வெந்தயம் பத்துப் பன்னிரண்டு நாளிலும் வெட்டத்தக்க இளங்கீரையாகிவிடும். புல்லின் சாற்றுக்கு நாம் கொடுக்கும் மதிப்பைவிட, பருப்பிலே தூவிய ஒரு பிடி வெந்தயக் கீரைக்குக் கொடுக்கும் மதிப்பு அதிகம்.

முளைத்ததெல்லாம் உணவன்று என்பதையும் சொல்ல வேண்டும். இறுங்கின் இளம் பயிரிலே சயனைட் நஞ்சு உண்டாகிறது. மாடு வளர்ப்போர் இளம் இறுங்கிலே மாட்டை விடாதது இதனாற்றான். சிவப்பு அவரை விதை முளைத்தாலும் பச்சையாய் நஞ்சே; நன்றாகக் கொதிக்கவைத்தாலன்றி வயிற்றைக் கலக்கிவிடும். உருளைக்கிழங்கின் முளையைக் கிள்ளியெறிய எல்லோரும் அறிவர்.

மேல்நாட்டார் முளைப்பயற்றைப் பச்சையாகவே உண்ணுகின்றனர். எமது இளைஞரும் இப்பொழுது அவ்வாறே செய்யத் தலைப்பட்டுள்ளனர். 2011ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் நடந்ததை இவர்கள் அறியவேண்டும். அவ்வாண்டு மே மாதம் தொடக்கம் ஏறக்குறைய நாலாயிரம் பேர் கடும் வயிற்றோட்டத்தால் வீழ்ந்தனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. முதலில் வெள்ளரிக்காயைச் சந்தேகித்தனர். தேடித் தேடிக் கடைசியிலே கண்டுபிடித்தது முளைகட்டிய வெந்தயத்தை. எகிப்திலிருந்து வந்த விதையிலே ஈ. கோலி என்னும் கிருமியின் கொடிய இனமொன்று ஒட்டியிருந்ததென்று முடிவு செய்தனர். எமது அஞ்சறைப் பெட்டியிலே அன்றாடம் கிடக்கும் அதே வெந்தயம்! 1996இலே ஜப்பானின் சக்காய் நகரத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறார் நோயுற்றபோதும் முள்ளங்கி முளையின் மீதே சந்தேகம் விழுந்தது. காரணம் வெளிப்படை. விதை முளைக்க வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகவும் வேண்டியவையே. ஒரு மணியில் ஒட்டியிருக்கும் சில கிருமிகள் ஒரு நாளிற் கோடியாகின்றன. கழுவுதலாற் போகா, மணியின் வெடிப்புக்குள்ளே புகுந்துவிடும்.

ஆதலால், சமைத்தே உண்ணுக. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியோரும் சலரோகமுள்ளோரும் பச்சை முளையைத் தொடவே வேண்டாம். இப்பொழுதே உண்ணாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஆவியிலே சிறிது நேரம் நன்றாக அவித்தால் விற்றமின் சி ஒரு பங்கு குறையும் என்பது மெய். இறக்கிய பின் ஒரு பாதித் தேசிக்காயைப் பிழிந்துவிட்டால் அந்த நட்டம் தீர்ந்தது.

ராத்தாவின் வீட்டிலே இப்பொழுது புல் வளர்வதில்லை. குளிசைகளை வேளை தவறாமல் எடுக்கின்றார். மாதந்தோறும் சிகிச்சை நிலையத்துக்குப் போகின்றார். காலைத் தினமும் பார்த்துக் கொள்ளும்படி பேத்தியிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்து வைத்திருக்கின்றார். ஆனால், அடுக்களைச் சன்னற் கம்பியிலே ஒரு வெண்துணி முடிச்சு தொங்குகிறது. அவிந்த முளைப்பயற்றைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சிறிது மாசிக் கருவாட்டுத்தூள் ஆகியவற்றோடு தாச்சியில் இட்டு, தேங்காய்ப்பூத் தூவிப் புரட்டி ஒரு சுண்டல் செய்கின்றார். எமக்கு மாசியில்லாமல் தனியாக ஒரு கோப்பையிலே மதிலுக்கு மேலால் வரும். வெள்ளிக்கிழமை இரவு ஊறவைத்தது, சனிக்கிழமை காலை முடிச்சாகி, ஞாயிறு பகற் சோற்றுக்கு வந்துவிடுகிறது. சென்ற வாரம் உப்புச் சற்றுக் கூடிவிட்டது. அதனை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.